செம்பு நிறம், ஆறாம் எண்

உலான்பாத்தரில் இன்று வெயில் உண்டு, சூடுதான் இல்லை.
மடாலய முற்றத்தில்
ஆளுக்கொரு பொட்டலம் தானியம் வாங்கிப்
புண்ணியத்தை வீசிவிட்டுப் போகிறார்கள்.

செவெல்மா வீசுவதில்லை.
குந்தி உட்கார்ந்து கால்களைப் பார்க்கிறாள்.
நொண்டுவதை ஒரே அமுக்காக அமுக்கி
மகனின் பழைய காலுறைக்குள் நுழைக்கிறாள்.
தலை மட்டும் வெளியே, கோபமாக.

விரலை இறுக்கியிருப்பது நூலென்று நினைத்தாள்.
முடி.
நகக் கத்தரியின் நுனியால், மூச்சை அடக்கி,
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
நடுவிரல் கறுத்துவிட்டது, இனி அது உதிரும்.

அறுத்ததை வெளிச்சத்தில் பிடித்தாள்.
செம்பு நிறம், ஆறாம் எண்.
இந்தத் தெருவில் அதைக் கலப்பவள்
அவள் ஒருத்திதான்.

உள்ளே லாமாக்கள்
சகல உயிர்களுக்காகவும் ஓதிக்கொண்டிருந்தார்கள்.
புறா அவள் மணிக்கட்டில் கழித்துவிட்டுப் பறந்தது.

இப்போதெல்லாம் சலூனில்
கூட்டி முடித்ததை மறுபடி கூட்டுகிறாள்.
மிதியடிக்கு அடியில், கதவிடுக்கில்,
தன் கோட்டின் முதுகில்கூடத் தேடுகிறாள்.
குப்பைப் பைக்கு முடிச்சின் மேல் முடிச்சு.

"என்னக்கா, மோதிரம் எதுவும் தொலைந்ததா?"

"விரல்" என்கிறாள்.

நாற்காலியில் இருந்தவள்
போர்வைக்குள் தன் பத்தையும்
ஒருமுறை எண்ணிக்கொள்கிறாள்.