ஏழாம் வருடத்து அழைப்பு

ஆவணி பிறந்தால் கொழும்பிலிருந்து அழைப்பு வரும்.
குரல் மாறும், கேள்வித்தாள் மாறாது.
இந்தமுறை நிலானி.
மிதிவெடிப் பலகை கண்டவள்போல
சொல்லுக்குச் சொல் பார்த்துக் கால் வைக்கிற தமிழ்.

"பிள்ளையின் இலக்கம் அறுபத்திரண்டு தானே, அம்மா?"
ஓம், அறுபத்திரண்டு.
பள்ளிக்கூட இடாப்பில் யதுர்சிகா.
முத்தையன்கட்டு வாய்க்காலுக்குள் குதிக்கிறபோது
அவளுக்கு ஒரு பெயரும் இல்லை.

உயரம் நூற்றுப் பதினெட்டு.
கதவு நிலையில் பென்சில் கீறு இருக்கு.
நிறை இருபது.
கச்சான் பிடுங்குகிற நேரம்,
அதில் அரைக் கிலோ கச்சானாகவும் இருக்கலாம்.
அவள் சிரிக்கவில்லை. சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

பிறந்த நிறை உங்களிடமே இருக்குமே:
ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிராம்,
முப்பத்துநாலாம் கிழமை.
கூட வைத்த மற்றது ஒன்பதாம் கிழமையில் நின்றுவிட்டது.
அதுக்கும் இலக்கம் குடுத்தனீங்களோ?

இருபது நாள் கண்ணாடிப் பெட்டி.
கை விட ஒரு வட்டத் துவாரம்.
அதற்குள்ளால் என் சுண்டுவிரலை அவள் பிடித்த பிடியை
எந்தத் தராசும் எழுதவில்லை.

செம்மஞ்சளுக்குக் கீழே தொடங்கிய புள்ளி
ஒன்றரை வயதில் பச்சைக்குள் ஏறினது.
மருத்துவமாது சறோஜா அட்டையை மடித்து
"இனிக் கள்ளி எல்லாரையும் போலதான்" என்றாள்.
மோட்டார்சைக்கிளில் வீடு வரும்வரை அழுதேன்.
அவரிடம் புழுதி என்றேன்.

பேச்சு? கூடின பேச்சு.
இழுப்பு? மாரியில் ஒருக்கா.
காது? நான் கூப்பிட்டால் கேளாது,
ஐஸ்கிறீம் வான் அடுத்த சந்தியில் வந்தால் கேட்கும்.

இரத்த அழுத்தம்?
இந்த இடத்தில்தான் என் நாக்கு இடறும்.
சின்னக் கைப்பட்டி இல்லையென்று இரண்டு தரம் திருப்பிவிட்டு
மூன்றாம் தரம் பார்த்தார்கள்.
"கொஞ்சம் மேலே. பயமில்லை. பாத்துக்கொண்டிருப்பம்."
ஏன் டொக்டர்? தட்டில் கருக்கட்டினதாலோ?
குறைமாதத்தாலோ? என்ர நாற்பத்தொரு வயதாலோ?
அவர் பேனையை மூடினார், திறந்தார்.
"ஆயிரம் பிள்ளையளைச் சேத்துப் பாத்தால்
ஒரு நூல் வித்தியாசம் தெரியலாம்.
உங்கட ஒரு பிள்ளையில அதைப் பிரிச்சுக் காட்டேலாது."

நிலானி, நான் ஒன்று கேட்கட்டோ?
உங்கட தாளில் தண்ணி எங்கே?
எங்கட கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற கல்லை,
ஒரு ஊசியும் போடாமல் உண்டான
பக்கத்து வளவுச் சிவபாலன்
சிறுநீரகத்துக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா போகிறதை
எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள்?
அவர் தடுப்பிலிருந்த வருடங்களை?
இடுப்புக்குள் இன்னும் கிடக்கிற இரும்பை?
முப்பத்தொரு வயதில் தாலி கட்டி
அடுத்த வருடமே படலையைப் பார்க்கத் தொடங்கின என்னை?
அதுவும் அவளின்ர இரத்தத்தில் ஏறியிருந்தால்
அளந்து சொல்லுங்கோ. எனக்கும் அறிய ஆசை.

மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது.
"மற்றவை என்று ஒரு இடம் இருக்கு, அம்மா.
இருநூறு எழுத்து."

கடைசிக் கேள்வி: பிள்ளைக்குத் தெரியுமா?
தெரியும்.
போன தவணை வகுப்பில் எழும்பி
தான் கொழும்பில் ஒரு கோப்பைக்குள் தொடங்கினதாகச் சொன்னாளாம்.
தாங்களும் அப்படித்தான் என்று
இரண்டு பெடியள் பொய் சொன்னார்களாம்.

அழைப்பு முடிந்தது.
மேசையில் மற்றக் கடிதம் கிடக்கிறது:
மீதி இரண்டையும் இன்னொரு வருடம் உறையில் வைத்திருக்க
அரை ஏக்கர் கச்சான் காசு.
யது தோளுக்கு மேலால் எட்டி வாசித்துவிட்டு
"அவைக்குக் குளிராதோ?" என்கிறாள்,
தலைமயிரால் வாய்க்கால் தண்ணீர்
தொகையின் மேல் சொட்டச் சொட்ட.