கயிறு போகும் வழி

மாசி பிறந்து பத்தொன்பது நாள், ஒரு தூறல் இல்லை.
மலையென்றால் குளிர் என்று நினைக்கிறவர்கள்
இந்த நேரம் ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறிப் பார்க்கவேண்டும்.
மட்டக்கம்பைத் தொட்டால் கை சுடும்,
கல்லில் பல்லிகூட நிற்பதில்லை.

பசறைப் பக்கமிருந்து தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்த வேனில்
பன்னிரண்டு தொப்பிகள் இருந்தன,
நீலம், நெற்றியில் கம்பெனி முத்திரை.
பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தார் சின்னத்துரை.
பணியக் கணக்கில் ஆறு பேர்:
சந்தனமேரி, அழகுராணி, மகாமணி,
அக்கா தங்கச்சி வேலம்மாளும் சிவனம்மாளும்,
நான்.

கொழும்பிலிருந்து வந்த அசங்க தம்பி
தொப்பியைப் புரட்டி உள்ளே காட்டினார்.
தைத்த பட்டையில் ஜவ்வரிசி மாதிரி மணிகள்.
பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் வீங்குமாம்,
வெயில் ஏற ஏற ஈரம் காற்றாகி
தலை மட்டும் நுவரெலியாவில் இருக்குமாம்.
கால் இங்கே, தலை அங்கே,
பஸ் காசு யார் கொடுப்பது என்றாள் மேரி.

பத்து நிமிடத் தண்ணீர்
என்று எளிதாகச் சொல்லிவிட்டார்.
எங்கள் லயத்துப் பீலி
விடிய நாலு மணிக்கு நூலாக விழும்,
ஐந்தரைக்கு அதுவும் நின்றுவிடும்.
பதினாறு காம்பராவின் வாளிகள் வரிசையில் நிற்க
தொப்பிக்கென்று ஒரு வாளி வைத்தால்
அடிதடிதான்.
அரிசி களைந்த தண்ணீரில் ஊற வைத்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன்: குளிர்ந்தது.
ஏழிலிருந்து ஒன்பதுவரை
காய்ச்சல்காரியின் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல்.
அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்,
கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

பிறகு கூடை நிறைந்தது.

கூடையின் கயிறு உச்சந்தலைக்குக் குறுக்கே போகிறது.
பதினெட்டு வயதிலிருந்து அதே தடம்,
அந்த இடத்தில் எனக்கு முடி முளைப்பதில்லை,
வகிடு நெடுக்கே, வழுக்கை குறுக்கே.
எட்டுக் கிலோ கயிற்றை இழுத்தது.
மணிகள் இருபக்கமும் ஒதுங்கி
எருமைக்குப் போல் இரண்டு கொம்பு.
நடுவில் பிழிந்த தண்ணீர்
கழுத்து வழியாக இறங்கி, முதுகு வழியாக இறங்கி,
படங்குக்குள் போய்ச் சேர்ந்தது.
முன்விளிம்பு கண்ணை மறைக்க
முற்றல் இலையெல்லாம் கூடைக்குள்.
நிறுக்கும் இடத்தில் இரண்டு கிலோ வெட்டினார்கள்.
பதினோரு மணிக்கு
என் தலையில் பழஞ்சோறு புளிக்கிற வாசம்.

வரைந்தவர் கெட்டிக்காரர்தான்.
அவர் தலையில் கயிறு இல்லை, அவ்வளவே.

மறுநாள் தேத்தண்ணி நேரம் சந்தனமேரி
சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து
தொப்பியை மடியில் கவிழ்த்தாள்.
கோழிக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து
பல்லால் தையலைக் கடித்தாள்.
பட்டை வெளியே வந்தது, விலாங்கு போல் வழுக்கிக்கொண்டு.
கொங்காணியின் பின்மடிப்பில் அதை வைத்து
இரண்டு முடிச்சு.
பிடரியில் நின்றது குளிர்.
கயிறு அந்தப் பக்கம் வருவதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர்.
புதன்கிழமை எல்லாரும்.

தொப்பி பழுதானால் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்
சம்பளத்தில் பிடிப்பு என்று
கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
ஆகவே வெள்ளிக்கிழமை அசங்க தம்பி வந்தபோது
வெறுந் தொப்பிக்குள் பழைய பேப்பரைத் திணித்து
கொங்காணிக்கு மேலே வைத்துக்கொண்டு
வரிசையாக நின்றோம்.
கொரோனாக் காலத்துத் துப்பாக்கியை
ஒவ்வொரு நெற்றிக்கும் நீட்டினார்.
முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.
"அக்கா, கூலா?"
"கூல் தம்பி."
அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்,
சொல்லிவிடலாமா என்றிருந்தது எனக்கே.
வேலம்மாள் என் காலை மிதித்தாள்.

அடுத்த மாதம் மேல் கணக்குக்கும் சேர்த்து
நூற்றைம்பது வருகிறதாம்.
வரட்டும்.
மேரிக்குப் பல் இருக்கிறது.