வெயிட்டிங் சார்ஜ்

தேவிபட்டினத்தில் ஒன்பது கல் என்றார்கள்.
அலை ஏறியிருந்தது.
ஏழுதான் எண்ணினேன்.

அழகன்குளத்தில்
தோண்டிய குழியை மூடிவிட்டார்கள்.
ரோமாபுரி மதுச்சாடி கிடைத்தது எந்த இடம் என்றேன்.
கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பூமயில்
நிமிராமல் சொன்னாள்:
"நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கிறதுதான்."
நகர்ந்து நின்றேன்.
"அதுவுந்தான்."

கீழக்கரை போய்ச் சேர இருட்டிவிட்டது.
கல்தூண் பள்ளிவாசலை
ஹெட்லைட் போட்டுக் காட்டினார் சீனி நைனா.
பார்த்ததற்குக் காசில்லை,
காத்துக் கிடந்ததற்கு முந்நூறு என்றார்.

லாட்ஜில் செருப்பைத் தட்டினேன்.
மணலோடு விழுந்தது
நகக்கண் அளவு சிவப்புச் சில்லு.
கப்பலில் வந்த பானையா,
போன ஐப்பசியில் சரிந்த
யார் வீட்டுக் கூரையோ?

கழுவவில்லை.