மாடிக்கு நூறு

பால்கனிக் கம்பியில் ஒரு மணி.
அதிலிருந்து இறங்கும் கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி.
நோட்டைக் கவ்வியில் செருகி விடுகிறேன்.
நாற்பத்தெட்டாம் தெருக் காற்றில்
ஆறு மாடி ஆடி ஆடி இறங்குகிறது காசு.
தண்ணீர் அப்படி ஏறாது.
அதற்கு ஒரு முதுகு வேண்டும்.

இருபது லிட்டர் பாட்டில்.
கடை விலைக்கு மேல் மாடிக்கு நூறு கியாட்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் நிற்பது
இங்கே எனக்குக் கேட்கும்.
பாட்டிலை இறக்கமாட்டார், இறக்கினால் தூக்க ஆள் வேண்டும்.
வெற்றிலை எச்சில் காய்ந்த சுவரில்
தோளோடு சாய்த்துக்கொள்வார்.
கொஞ்ச நேரத்தில் செருப்பு மறுபடி பேச ஆரம்பிக்கும்.

குழாயில் வருவதற்காக யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.
கரண்ட் வந்தால் மோட்டார், மோட்டார் ஓடினால் தண்ணீர்.
ராத்திரி இரண்டு மணியானாலும்
வாளிகளோடு நான் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
ஏரியிலிருந்து வருகிறதாம்.
வரும் வழியில் ரங்கூனின் பழைய இரும்பையெல்லாம்
ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டு வருகிறது.
குழாய் வாயில் கட்டிய மல் துணி
திங்களன்று வெள்ளை,
வியாழனுக்குள் டீக்கடை வடிகட்டி.

என் சமையலறையில் ஓர் எல்லைக்கோடு உண்டு.
அரிசி களைவது குழாயில், உலை வைப்பது பாட்டிலில்.
புளி கரைப்பதில்தான் தகராறு.
"கொதிக்கத்தானே போகுது" என்பார் வீட்டுக்காரர்.
"கொதிச்சாலும் துரு துருதான்" என்பேன்.
சாமி சொம்புக்குக் குழாய்த் தண்ணீர்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சாமியும் இதுவரை கேட்கவில்லை.

திஞ்ஞானுக்குக் கடையைப் பத்து நாள் மூடிவிட்டார்கள்.
கீழே ஊரே ரப்பர் குழாய் பிடித்து
ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டிருக்க
மேலே எங்கள் பாட்டிலில் நாலு விரல் தண்ணீர்.
நாலாம் நாள் அதுவும் போயிற்று.
பெரிய தவலையில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து
இரவெல்லாம் ஆறவிட்டு
மேலே தெளிந்ததை மட்டும் வடித்தேன்.
கோமளா ஒரு வாய் குடித்துவிட்டு
"சாவி வாசனை அடிக்குது" என்றாள்.
பிறகு இன்னொரு டம்ளர் கேட்டாள்.
யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.
மிச்சமான காசைக் கணக்கு நோட்டில் எழுதினேன்.
எங்கிருந்தோ எடுத்துவந்ததைப் போலிருந்தது.

பதினோராம் நாள் மணி ஆடியது.
கீழே நின்று கயிற்றை இழுக்கிறார்.
வேண்டாம் என்று கைகாட்டியிருக்கலாம்.
நோட்டை இறக்கினேன்.
மூன்றாம் மாடியில் இந்த முறை நிற்கும் நேரம் நீண்டது.

வாசலில் வைத்ததும் பேர் கேட்டேன்,
இரண்டு வருஷம் கழித்து.
தெருவில் கோ நாய்ங்.
சர்ச் ஏட்டில் அடைக்கலம்.
தமிழிலேயே சொன்னார்.
இத்தனை நாளும் பர்மியத்தில்தான்
நூறுக்கும் இருநூறுக்கும் பேரம் பேசியிருக்கிறேன்.

மூடியை உடைத்து ஒரு டம்ளர் நீட்டினேன்.
தலையசைத்து, ஓரத்து வாளியைக் காட்டினார்.
"அது போதுங்க. சுமந்ததையே குடிச்சா
இறக்கிவச்ச மாதிரியே இருக்காது."

கடையில் எந்தக் குழாயில் பிடித்து
மூடி போடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அவருக்கு.
கேட்கவில்லை.

காலிப் பாட்டில்கள் இரண்டும்
படிக்குப் படி முட்டிக்கொண்டு இறங்கிப் போயின.
அன்று ரசத்துக்குப் புளியைக் குழாயில் கரைத்தேன்.
வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.
கோமளா மட்டும் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
பிறகு தட்டைச் சாய்த்து மிச்சத்தையும் குடித்தாள்.