படம் பார்க்காதவன்

பிராட்வேயில் இறங்கினேன்.
நாற்பத்து நான்கு வருஷம் கழித்து.
பஸ் அதே மூலையில்தான் நிற்கிறது,
என் போன்ற முழங்கால்களுக்காக
இப்போது தானும் கொஞ்சம் மண்டியிடுகிறது.

இந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறவர்கள்
பார்த்த படங்களைச் சொல்வார்கள்,
எந்த வரிசை, யாரோடு என்று.
நான் ஒன்றையும் பார்க்கவில்லை.
தூங்கினேன்.

விடுதி அறைக்குப் பன்னிரண்டு டாலர்,
விடிய விடிய ஓடும் தியேட்டருக்கு ஒன்றே கால்.
ஏழாம் தெரு ஹோட்டலில் தட்டு கழுவி முடித்து,
விரல் நுனிகள் திராட்சை வற்றலாய்ச் சுருங்க,
நள்ளிரவுக்குப் பின் நுழைவேன்.
யூசேபியோ தலமாந்தெஸ், வயது பத்தொன்பது,
ஸகாத்தேக்காஸிலிருந்து வந்து பதினோராம் நாள்.

கண்ணை மூடியபடி
எத்தனை குதிரைகளைக் கேட்டிருக்கிறேன்.
துப்பாக்கி வெடித்தால் புரண்டு படுப்பேன்.
முத்தக் காட்சியில்தான் விழிப்பு வரும்,
சத்தம் நின்றுவிட்டதே என்று.

ஆல்காஸர் பூட்டிக் கிடக்கிறது.
கம்பிக் கதவுக்குப் பின்னால்
யாரோ விட்டுப்போன ஒற்றை மெத்தை.
சிரித்துவிட்டேன்.
இதை அப்போது போட்டிருக்கக் கூடாதா?

மினர்வாவில் ஜெபக்கூட்டம்.
திரை இருந்த இடத்தில் டிரம் செட்.
போதகர் ‘எழுந்திருங்கள்’ என்கிறார்,
எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.
என் காலத்தில் அங்கே
போலீஸ் வந்தாலும் ஒருவரும் எழமாட்டார்கள்.

பெல்வெடேர்தான் என் வீடு.
பால்கனி, ஆறாவது வரிசை, தூணுக்குப் பின்னால்.
திரை பாதிதான் தெரியும், அதனால் போட்டி இல்லை.

அங்கே டார்ச் பிடிக்கும் ஒரு பெண் இருந்தாள்.
கரகரத்த குரல். முகம் தெரியாது,
வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு
முகம் ஏது?
ஆறு மணிக்கு லாரி என்று
ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.
அன்றிலிருந்து தினமும்
ஷூவின் மூக்கில் டார்ச்சால் இரண்டு தட்டு.
‘ஐந்தரை, தம்பி.’
கண் திறந்தால்
அவ்வளவு பெரிய இருட்டு அரண்மனையில்
பளீரென்று என் கிழிந்த ஷூ மட்டும்.

அவளும் அதைத்தானே பார்த்திருக்க வேண்டும்.
ஜனவரி மழையில் ஒரு விடியல்,
மடியில் இரண்டு அட்டைத் துண்டுகள்,
பாத அளவுக்கு வெட்டியவை.
பழைய போஸ்டர்.
அந்த மழைக்காலம் முழுக்க
ஏதோ ஒரு நடிகையின் புருவத்தின் மேல் நடந்தேன்.
படத்தின் பெயர் இடது காலில் பாதி இருந்தது.
நனைந்து போயிற்று.

நன்றி சொன்னேனா?
லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பெல்வெடேர் இப்போது ஷூ கடை.
உண்மையாகத்தான் சொல்கிறேன்.
நாற்காலிகளைப் பிடுங்கித் தரையைச் சமன்செய்து
வெள்ளைக் குழல்விளக்கு போட்டிருக்கிறார்கள்.
முதன்முறையாகக் கூரையைப் பார்த்தேன்.
பொன் பூசிய ஆரஞ்சுக் குலைகள்,
ஒரு சுண்ணாம்புக் கிளி, மூக்கில்லாமல்.
இத்தனைக்கும் கீழேயா வாயைத் திறந்து கிடந்தேன்?

‘உட்காருங்கள் ஐயா’ என்றாள் கடைப் பெண்.
நெஞ்சில் பெயர்ப்பட்டை, ஷித்லாலி.
வாங்கும் எண்ணம் இல்லை. உட்கார்ந்தேன்.
காலை நீட்டச் சொல்லி, மாட்டிவிட்டு,
கட்டைவிரலால்
ஷூவின் மூக்கில் இரண்டு அழுத்து.

‘இடிக்கிறதா?’

பதில் வரவில்லை எனக்கு.
வலி என்று நினைத்துக்கொண்டு
பெரிய சைஸ் எடுக்கப் போனாள்.
சரக்கெல்லாம் பால்கனியில், அங்கே விளக்கு இல்லை.
அவள் போனின் வெளிச்சம்
படியேறி, பெட்டிகளுக்கிடையே
ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தாண்டி
தூண் பக்கம் நின்றது.

‘எந்த சைஸ் சொன்னீர்கள்?’
மேலிருந்து கத்தினாள்.

ஐந்தரை, என்றேன்.

‘அது சின்னப் பசங்களுக்கு!’
என்றது இருட்டு.