ஃபிரீசரில் ஓர் எருமை

சுவர்களுக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது.
பிப்ரவரி முடிவதற்குள் கடல்
ஐந்து மாடி ஏறி வந்துவிடுகிறது ஹாய்ஃபோங்கில்.
தரை ஓடுகளில் என் பாதத் தடம் ஊறிக் கிடக்கிறது.
கண்ணாடியில் முகம் இல்லை.
தீப்பெட்டி மூன்று குச்சிக்கு ஒருமுறை சம்மதிக்கிறது.

நோம் என்கிறோம் இதை.
மழை அல்ல, பனியும் அல்ல.
யாரோ ஊரின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு
மறந்துபோனது மாதிரி.

எதிர்வீட்டுத் தொவான் ஜன்னலையெல்லாம் விரியத் திறந்து
"காத்து வரட்டும்" என்கிறார்.
வருவது காற்றில்லை, கடல்.
போன வருடம் நானும்தான் திறந்தேன்.
நாணல் துடைப்பத்தால் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி
மியென்னின் மெத்தையைத் தட்டோ தட்டென்று தட்டினேன்.
அன்றிரவு அவள் நெஞ்சுக்குள்
துறைமுகத்துப் படகு அத்தனையும் ஊதின.
பைக்கில் எங்களுக்கு நடுவே அவளை இறுக்கிக்கொண்டு
மருத்துவமனைக்குப் போனோம்.
அந்த விசில் என் முதுகெலும்பில் கேட்டது.

மருத்துவர் ஒரு படம் காட்டினார்.
எட்டுக் கால். கண் கிடையாது.
"உங்கள் தலையணையில் குடியிருப்பவர்."
கடிப்பதில்லை, திருடுவதில்லை.
நாம் உதிர்த்த தோலைத் தின்று
காற்றின் ஈரத்தைக் குடித்து
எச்சம் விட்டுப் போகிறது.
அந்த எச்சம்தான் என் மகளின் மூச்சில் முள்.
இருபது டன் பெட்டியைக் கிரேனில் தூக்கி
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைக்கிறவன் நான்.
இதை எந்தக் கொக்கியில் மாட்டித் தூக்க?

ஆக, இந்த வருடம் ஜன்னல் அடைத்தாயிற்று.
சம்பளத்தில் பாதி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கு.
காலையில் அதன் வயிற்றிலிருந்து நாலு லிட்டர் கொட்டினேன்,
இத்தனை நாள் நாங்கள் நீந்திக்கொண்டிருந்த நீர்.
அலமாரியை இழுத்தால் பின்னால்
கறுப்புப் பூஞ்சை ஒரு தீவை வரைந்து வைத்திருந்தது,
கரையோர வளைவு ஒன்றும் விடாமல்.
முகமூடி, கையுறை, சோப்புநீர்.
ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால்;
இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.
கம்பளம் தங்கை வீட்டுக்குப் போயிற்று.
விரிப்புகள் அறுபது டிகிரியில் வெந்து,
கல்யாணத்துக்கு வந்த சிவப்பு
இப்போது கருவாட்டு நிறம்.
தூயெத் ஒன்றும் சொல்லவில்லை.
மடித்ததையே இன்னொருமுறை மடித்தாள்.

பௌர்ணமிக்கு ஊதுபத்தி இல்லை.
அப்பாவின் படத்துக்கு முன் பம்பளிமாஸ் வைத்து
"இந்தமுறை பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றேன்.
வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்.
கண்ணாடிக்குமேல் அவருக்கும் வியர்த்திருந்தது.
துடைத்தேன்.

கடைசியாக எருமை.
துணி எருமை, ஒரு கொம்பு கிடையாது,
மூன்று வருடமாக மியென்னின் மூக்கடியில் உறங்குவது.
அதன் வயிற்றுக்குள் ஒரு ஊரே இருக்கிறதென்று
ஐந்து வயதுக்காரியிடம் எப்படிச் சொல்வது?
"எருமைக்குக் காய்ச்சல், குளிரில் படுக்கவேண்டும்" என்றேன்.
பையில் இட்டவள்
மூக்குக்கு ஒரு துளை கேட்டாள்.
முடியாது என்றேன். அழுதாள். துளை போட்டேன்.
வவ்வால் மீனுக்கும் ஐஸ்தட்டுக்கும் நடுவில் படுக்கவைத்தோம்.
"கதவைச் சாத்தினா உள்ளே லைட் அணையுமா?"
அணையாது என்றேன்.

இரவு இரண்டு மணி.
தூயெத்துக்குச் செருப்புத் தொழிற்சாலையில் இரவுப் பணி.
தொட்டி நிரம்பி இயந்திரம் நின்றிருந்தது.
திடுக்கிட்டு எழுந்தேன்.
விசில் இல்லை. இருமல் இல்லை.
மூன்று நோம் பருவமாக
அந்தச் சீழ்க்கையைக் கேட்டபடியேதான்
தூங்கக் கற்றிருந்தேன்.
அது இல்லாத அறையில் எனக்கு மூச்சடைத்தது.
இருட்டில் தடவிப் போய்
அவள் மூக்கருகே கன்னத்தை வைத்தேன்.

வந்தது.
வெதுவெதுப்பாய், ஒருவருக்கும் தெரிவிக்காமல்
வந்து போய்க்கொண்டிருந்தது.

தொட்டியைக் கொட்டினேன். அப்புறமும் தூக்கமில்லை.
ஃபிரீசரைத் திறந்தேன்.
எருமையின் இமையில் வெள்ளையாய் உறைபனி,
துளை வழியே மூக்கு.
இன்னும் பதினாறு மணி நேரம், என்றேன் அதனிடம்,
அப்புறம் சோப்புப் போட்டுக் குளிக்கணும்.
சாத்தும்போது
விளக்கு எந்த இடத்தில் அணைகிறதென்று பார்க்க
இடுக்கில் கண்ணை வைத்தேன்.
தெரியவில்லை.