நடுத்தகடு

வெளியே உறைநிலைக்குக் கீழே பத்தொன்பது.
தார்த்து நகரில் உறைந்த ஆற்றின்மேல்
ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான்.
உள்ளே உலை தொள்ளாயிரத்து ஐம்பதில்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்,
கம்பளிக் காலுறையோடு ஹெல்யோ வாரிக்.

எண்களைப் பார்ப்பது அவள் வேலை.
உலைக்குள் ஓர் அடுக்கு, அதில் பன்னிரண்டு கலங்கள்.
ஒரு கலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே
இரண்டு மில்லிமீட்டர் பீங்கான் தகடு.
இந்த முகத்தில் காற்று,
அந்த முகத்தில் ஹைட்ரஜன்.
நேரில் சந்தித்தால் தீ.
தகடு இரண்டையும் உள்ளே விடாது,
மின்னுக்கு மட்டும் வழிவிடும்:
சேதியை வாங்கிச் சொல்லிவிட்டுக்
கதவைத் திறக்காமலே நிற்கிற காவலாள்.

உலோகம் போதாதா என்று கேட்கலாம்.
இந்தச் சூட்டில் அது
துருவைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.
அதனால்தான் லாந்தனம் குரோமைட்.
தனியாக எடுத்தால் வெறும் பச்சைத் தூள், சோம்பேறி;
எத்தனை சுட்டாலும் இறுகாது.
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி
ஒரு கிள்ளு கால்சியம் சேர்த்தார்கள்.
பச்சை போய்க் கருத்தது,
இறுகியது, வழியும் விட்டது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை.
ஹைட்ரஜன் பக்கத்தில்
அதன் ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கழன்றுபோகும்.
இழந்தால் மெலிவதுதானே உலக வழக்கம்?
இது இழந்த பக்கம் வீங்கும்.
மேலும் கீழும் அமுக்கிப் பிடித்திருக்க
யாருக்கும் தெரியாமல் வளையப் பார்க்கும்.

பகலில் தைவோ ராவ்ட்சிக்.
ஆறு மணிக்கு அவன் போவான்,
ஆறேகாலுக்கு இவள் வருவாள்.
அந்தக் கால்மணி நேரத்தை
மூன்று வருடமாக இருவரும் சிந்தாமல் காத்தார்கள்.
முன்பு ஒரே சமையலறை, ஒரே பூனை.
இப்போது கட்டம்போட்ட ஒரு நோட்டு:

'ஏழாவது கலம் இரண்டு மில்லிவோல்ட் குறைவு. கவனி.'
'கவனித்தேன். பூனைக்கு ஊசி போட்டாயா?'
'போட்டேன். காற்றோட்டம் சரி.'

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது மணி.
பனியின் பாரத்தில் எங்கோ ஒரு கம்பி அறுந்தது.
விளக்கு போய்த் திரும்பி வர ஏழு நொடி.
மனிதருக்கு அது ஒரு தும்மல்.
உலையோ திரும்ப வரவில்லை.
நிமிடத்துக்கு ஒரு பாகையாய்
இறங்கவேண்டிய சூடு
படிகளைத் தாண்டித் தாண்டிக் குதித்தது.
ஏழாவது எண் சரிந்தது.
சத்தம்?
எதுவுமில்லை.

மூன்று வருடத்தில் முதல்முறையாக
அவனுக்குப் போன் செய்தாள்.
இரவு உடைக்கு மேல் கோட்டோடு வந்தான்,
காலணி நாடா கட்டாமல்.
ஆறும்வரை திறக்கக் கூடாது.
மறுநாள் மாலைவரை
அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தார்கள்.
அவன் கம்புநிற ரொட்டியைப் பிட்டு நீட்டினான்.
அவள் வாங்கிக்கொண்டாள்.
பேச்சு எல்லாம் வால்வுகளைப் பற்றித்தான்.

திறந்தபோது
ஏழாம் தகடு முழுசாகவே இருந்தது.
அவள் சந்தேகப்பட்டுப்
பேனாவைக் கழற்றி ஒரு சொட்டு மையை விட்டாள்.
காத்திருந்தார்கள்.
தகட்டைத் திருப்பினாள்:
மறுமுகத்தில் நீலமாய் ஒரு கோடு
மெதுவாக எழுந்து வந்தது,
கன்னத்து நரம்பு போல.
அதன் ஓரத்தில்
கடுகளவு வெளுத்த வட்டம்.
இரண்டும் சந்தித்த இடம்.

'திடீரென்று குளிர்ந்ததுதான் காரணம்' என்றான்.
'அதற்கு முன்பே வளைந்திருந்தது' என்றாள்.
'அளந்தாயா?'
'நீ அளந்தாயா?'

நோட்டில் காரணம் எழுத
ஒரு வரிக்குத்தான் இடம்.
இரண்டு கையெழுத்தும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு
ஓரக்கோட்டைத் தாண்டிவிட்டன.

புது அடுக்கு திங்கட்கிழமை ஏறும்,
கால்சியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியத்தோடு.
நேர அட்டவணையை யாரும் மாற்றவில்லை.
ஆறு மணி. ஆறேகால்.
அவள் கட்டைவிரலில் மட்டும்
அந்த நீலம் ஒரு வாரம் போகவில்லை,
சோப்பு போட்டும்.